புரொஜெக்டருக்கு ஒரு மாற்று விளக்கு

ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. திருச்சியில் ஒரு கல்லூரி கழித்துக்கட்டியபோது வாங்கியது. மூன்று எல்சிடி சில்லு போட்ட பழைய ரகம், 1024க்கு 768 புள்ளிகள், பெட்டியின் மேல் 2000 லூமென் என்று எழுதியிருக்கும். சித்திரை வீதி வீட்டின் ரேழிக்கு அடுத்த அறையில், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்தான் திரை.

இதைச் சினிமா பார்ப்பதற்காக வாங்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் மேகுலார் டிஜெனரேஷன். விழித்திரையின் நட்டநடுப் பகுதி தேய்ந்துபோகும் வியாதி. எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது, அதைச் சுற்றியிருப்பது தெரியும். கிரிக்கெட்டில் பந்து போடுபவனைப் பார்த்தால் அம்பயர் தெரிவார். படம் பெரிதாக ஆக, நடுவில் இருக்கும் ஓட்டையின் பங்கு குறையும். ஐந்தடி அகலத்துக்குச் சுவரில் விழுந்தால் ஸ்கோரைக்கூட ஓரக்கண்ணால் படித்துவிடுவார். அதே சமயம் இந்த வியாதிக்காரர்களுக்கு வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும். ஆகவே அந்த 2000 லூமென் ஆடம்பரம் இல்லை.

போன வருஷம் விளக்கு போச்சு. கம்பெனி விளக்கின் விலை, நான் புரொஜெக்டருக்கே கொடுத்ததைவிட அதிகம். ஆன்லைனில் மலிவாக ஒரு போலி வாங்கிப் போட்டேன். சரியாகத் தொண்ணூறு மணி நேரம் எரிந்தது. பிறகு ஒரு சாயங்காலம், ஆறாவது ஓவரில், "டப்". அறையெங்கும் லேசாக ஒரு நெடி. உள்ளே பாதரசம் உண்டு என்று தெரியும் என்பதால் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு அப்பாவைத் திண்ணைக்குக் கூட்டிப்போனேன். "அவுட்டா?" என்றார்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எல்.இ.டி. போட்டால் என்ன? இருபதாயிரம் மணி நேரம் உழைக்கும், வெடிக்காது, பாதரசம் கிடையாது. 100 வாட் எல்.இ.டி. சில்லு முந்நூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. அதன் மேல் 10,000 லூமென் என்று போட்டிருக்கிறான். பழைய விளக்கு 200 வாட், சுமார் 12,000 லூமென். கிட்டத்தட்ட ஈடு. இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் எங்கே என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பழைய விளக்கைப் பார்த்துவிடுவோம். 1990களின் நடுவில் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த யூ.ஹெச்.பி. விளக்கு அது. பட்டாணி அளவு குவார்ட்ஸ் குமிழி, உள்ளே பாதரச ஆவி. எரியும்போது அழுத்தம் சுமார் 200 வளிமண்டலம், அதாவது கடலில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனால் உடம்பை அமுக்கும் அதே அழுத்தம். டங்ஸ்டன் முனைகள் இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் 1.3. அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் 200 வாட்டும் எரிகிறது. அத்தனை அழுத்தம் எதற்கு? வில்லைச் சின்னதாக வைத்திருக்க. அந்த "சின்னதாக" என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் காட்டும் விளக்குகளின் மொத்தச் சரித்திரமுமே வெளிச்சத்தைச் சின்ன இடத்தில் திணிக்கிற சரித்திரம்தான். திருச்சிக்காரர்களுக்கு இதில் பங்கு உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் இங்கே வரைவாளராக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905இல், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊருக்குக் கிளம்பியபோது, அவரிடமிருந்து புரொஜெக்டரையும் இயேசு வாழ்க்கைப் படத்தையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். டென்ட் கட்டித் தென்னாடு முழுக்கவும் அதற்கு அப்பாலும் படம் காட்டினார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியது அதற்குப் பின்னால்.

அந்தக் காலத்தில் மின்சாரம் இல்லாத ஊரில் படம் காட்டப் பொதுவாக உலகெங்கும் இருந்த வழி லைம்லைட். ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டையும் கலந்து எரிக்கிற கூரான ஜ்வாலையை ஒரு சுண்ணாம்புக் கட்டி மேல் பாய்ச்சுவார்கள். நாம் வெற்றிலையில் தடவுகிற நீற்றின சுண்ணாம்பு இல்லை, தண்ணீர் விடுவதற்கு முந்தைய சுட்ட சுண்ணாம்பு. ஜ்வாலை படுகிற அந்தச் சின்ன இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஜொலிக்கும். மின்சாரம் உள்ள ஊரில் கார்பன் ஆர்க்: இரண்டு கரிக்குச்சி, நடுவில் பொறி, கரி தேயத் தேய ஆபரேட்டர் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 1950களில் ஜெனான் விளக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே லட்சணம்: ஒளிர்கிற இடம் பொட்டு அளவு. அத்தனை பெரிய டென்டுக்கு வெளிச்சம் தரப் பெரிய தீப்பந்தம் எதையும் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. ஏன்?

வைகுண்ட ஏகாதசி விடியற்காலை ஸ்ரீரங்கத்துக்கு வந்திருக்கிறீர்களா? சொர்க்கவாசல் வழியாகப் போக வேண்டிய கூட்டம் வீதி முழுக்க நிற்கும். வாசலின் அகலமோ கொஞ்சம்தான். இப்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, கூட்டம் எத்தனை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. இரண்டு, அவரவர் எந்தத் திசையில் முண்டுகிறார்கள். எல்லோரும் நேராக ஒரே திசையில் நடந்தால் அதிகம் பேர் கடந்துபோகலாம். அகலமான கூட்டத்தைச் சவுக்குக் கட்டை கட்டிக் குறுக்கினால் என்ன ஆகும்? இடப்பக்கத்தில் இருந்தவர் வலப்பக்கமாகச் சாய்ந்து வருவார், வலப்பக்கத்தவர் இடப்பக்கமாக. அகலம் குறைந்தது, திசைகள் கன்னாபின்னாவென்று கூடிவிட்டன. 

ஒளிக்கும் இதே கதி, ஆனால் இன்னும் கண்டிப்பு. ஒளிர்கிற பரப்பை, அந்த ஒளி விரிகிற கோண அளவால் பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு ஒளியியலில் எத்தாந்து என்று பிரெஞ்சுப் பெயர். நான் பரவளவு என்று சொல்லிக்கொள்கிறேன். லென்ஸ், குவி ஆடி, பிரிஸம் எதைப் போட்டாலும் இந்தப் பரவளவைக் குறைக்க முடியாது. பரப்பைக் குறைத்தால் கோணம் கூடும், கோணத்தைக் குறைத்தால் பரப்பு கூடும். கூட்டத்தையாவது "நில்லுங்கோ, அடுத்த தடவை" என்று காக்க வைக்கலாம். ஒளி காத்திருக்காது. வாசலில் நுழைய முடியாதது பெட்டிக்குள்ளேயே முட்டி மோதிச் சூடாகிவிடும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, பௌர்ணமி நிலாவைக் காகிதத்தில் குவித்துப் பாருங்கள். எத்தனை பெரிய லென்ஸ் ஆனாலும் காகிதம் பற்றாது. சூரியனிடம் இருப்பது நிலாவிடம் இல்லை. அது மொத்த வெளிச்சம் இல்லை, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரின் பிரகாசம். லென்ஸால் அந்தப் பிரகாசத்தைக் கூட்டவே முடியாது.

இனி என் பெட்டிக்கு வருவோம். எல்சிடி சில்லின் மூலைவிட்டம் 0.63 அங்குலம், அதாவது 12.8க்கு 9.6 மி.மீ., பரப்பு 123 சதுர மி.மீ. முன்னால் இருக்கிற லென்ஸ் எஃப் 1.8. அதனால் அச்சிலிருந்து சுமார் 16 டிகிரிக்குள் வரும் கதிர்களைத்தான் அது வாங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டால் (பை பெருக்கல் பரப்பு பெருக்கல் அந்தக் கோணத்து சைனின் வர்க்கம்) சொர்க்கவாசலின் அளவு சுமார் 30. அலகைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒப்பிட மட்டும்தான்.

முந்நூறு ரூபாய் எல்.இ.டி.? அது ஒரு விளக்கு இல்லை, பத்துக்குப் பத்து என்று நூறு குட்டிச் சில்லுகளைப் பதித்து மேலே மஞ்சள் பாஸ்பரைப் பூசிய பட்டை. ஒளிர்கிற சதுரம் 22 மி.மீ. பரப்பு 484. ஒளி 16 டிகிரிக்குள் அடங்கி நடக்காது, அரைக்கோளம் முழுக்கப் பரவும். பரவளவு 1520.

ஐம்பது பேர் வந்தால் ஒருவருக்குத்தான் வாசல். 10,000 லூமெனில் 200தான் நுழைய முடியும், அதுவும் நடுவில் வைக்கும் லென்ஸ்கள் எல்லாம் உத்தமமாக இருந்தால். எல்சிடி ஒரு துருவத்து ஒளியைத்தான் ஏற்கும் என்பதால் பாதி போச்சு, 100. (மறுபாதியைத் திருப்பிச் சேர்க்கும் ஒரு பட்டைக் கண்ணாடி உள்ளே இருக்கிறது. ஆனால் அது பரவளவை இரட்டிப்பாக்கித்தான் அதைச் செய்யும், ஆகவே நமக்கு லாபமில்லை.) நிறம் பிரிக்கும் ஆடிகள், சில்லு, சேர்க்கும் பிரிஸம், லென்ஸ் எல்லாம் தாண்டி மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். சுவரில் 33 லூமென். 

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்கலாம். போடவில்லை. மெயின்கார்டு கேட் பக்கம் அலைந்து டிரைவர், பழைய கம்ப்யூட்டர் ஹீட்சிங்க், தெர்மல் பேஸ்ட் எல்லாம் வாங்கி, ஒரு வாரம் அறுத்து, துளையிட்டு, பெட்டியை மூடி ஸ்விட்சைப் போட்டேன். செல்போனின் லக்ஸ் ஆப்பை வைத்துச் சுவரில் ஒன்பது இடத்தில் அளந்தேன். சராசரி 15 லக்ஸ். படத்தின் பரப்பு 1.9 சதுர மீட்டர், ஆக 29 லூமென்.

அப்பா ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். "என்னடா இது, அமாவாசைக்கு மொட்டை மாடில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். 

நான்கு இலக்கங்களைப் பாருங்கள். பிரகாசத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பார்கள். நண்பகல் சூரியனின் முகம் சுமார் 160 கோடி. யூ.ஹெச்.பி. விளக்கின் வில் 100 கோடிக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒரு குட்டிச் சூரியனைத்தான் பெட்டிக்குள் வைத்திருந்தோம். என் 100 வாட் பட்டை? 66 லட்சம். வாட்டும் லூமெனும் ஏறத்தாழ ஈடாக இருந்தும் பிரகாசத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

நான்காவது இலக்கம் ஏழு கோடி. அது ஒற்றைச் சில்லு எல்.இ.டி. 3க்கு 3 மி.மீ., ஒன்பதே சதுர மி.மீ. ஒன்பது ஆம்பியர் சுமாருக்குத் தள்ளினால் 2000 லூமென் தரும் ரகம். பெரிய டார்ச்சு விளக்குகளில் போடுவது. பரவளவு 9 பெருக்கல் பை, 28. வாசல் 30. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

லூமென் ஐந்தில் ஒரு பங்குதான், வாட் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சுவருக்குப் போவது பல மடங்கு அதிகம். சின்ன எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் கூடும் என்று அண்டை வீட்டு மாமாவிடம் சொன்னபோது, எனக்குக் கிறுக்கு முற்றிவிட்டதாக முடிவுகட்டினார்.

இங்கே ஒரு சிறு விலகல். சந்தையில் மலிவான எல்.இ.டி. புரொஜெக்டர்கள் ஏன் அவ்வளவு பெரிய பெட்டியாக, ஏன் அவ்வளவு மங்கலாக இருக்கின்றன என்பதும் இதே கணக்கில் அடங்கிவிடும். அவற்றுள் செல்போன் திரை மாதிரி நாலைந்து அங்குல எல்சிடி ஒன்று இருக்கும். வாசலைப் பெரிதாக்கி, மலிவான அகலமான எல்.இ.டி.யை உள்ளே விடுகிறார்கள். அந்த அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமென் விளக்கின் லூமென், சுவரின் லூமென் இல்லை. மாறாக 2010இல் கேசியோ போன்றவர்கள் செய்தது எதிர்வழி: நீல லேசரை ஒரு பொட்டு அளவுக்குக் குவித்து, சுழலும் பாஸ்பர் சக்கரத்தில் அடித்து, அந்தப் பொட்டை விளக்காக்கினார்கள். ஜ்வாலையும் சுண்ணாம்பும்தான், வேறு வேஷத்தில்.

சரி, வேலைக்கு வருவோம். யாராவது செய்வதாக இருந்தால் சில குறிப்புகள்.

பெட்டியைத் திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. விளக்குக்கான பலாஸ்ட் பலகைக்குப் போவது சுமார் 380 வோல்ட் டி.சி. பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். மீட்டர் வைத்து அளந்து, ரெசிஸ்டர் போட்டு வடித்து, மறுபடி அளந்த பிறகே கையை வைக்கலாம். விளக்கைப் பற்றவைக்க அந்தப் பலகை பல ஆயிரம் வோல்ட் துடிப்பும் தரும். மின்சாரம் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அடுத்தது ஏமாற்று வேலை. விளக்கு எரியவில்லை என்றால் புரொஜெக்டர் தானே அணைந்துவிடும். எரிகிறதா என்று அதற்குச் சொல்வது பலாஸ்டிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஒன்று. நடுவில் ஒரு ஆப்டோ கப்ளர் இருக்கும். எனது மாடலில் அதன் வெளியீட்டுப் பக்கத்தை கிரவுண்டோடு இணைத்ததும், "ஆஹா, விளக்கு எரிகிறது" என்று பெட்டி நம்பிவிட்டது. பின்னால் வந்த மாடல்கள் இத்தனை அப்பாவி இல்லை. பலாஸ்டும் மூளைப் பலகையும் சீரியல் தரவில் பேசிக்கொள்ளும். அவற்றைக் கம்பியால் ஏமாற்ற முடியாது.

எல்.இ.டி.யை எங்கே வைப்பது? பழைய விளக்கின் குவி ஆடி கதிர்களை ஏறக்குறைய இணையாக அனுப்பும். அதற்குப் பின்னால் தேன்கூடு மாதிரிக் குட்டி லென்ஸ்கள் நிறைந்த கண்ணாடி இரண்டு, வெளிச்சத்தைச் சில்லு முழுக்கச் சமமாகப் பரப்ப. ஆக எல்.இ.டி. ஒளியும் அங்கே இணையாகத்தான் நுழைய வேண்டும். இரண்டு தடித்த குவிலென்ஸ்கள், ஒன்றை எல்.இ.டி.க்கு ஒட்டினாற்போல, ஒன்றைத் தள்ளி. தூரத்தை அரை மி.மீ. மாற்றினால் படத்தின் மூலை இருண்டுவிடும். என் ஒரு வாரத்தில் ஐந்து நாளைத் தின்றது இந்த அரை மில்லிமீட்டர்தான்.

சூடு வேறு தலைகீழ். பழைய விளக்கு சூடாக இருந்தால்தான் எரியும், குவார்ட்ஸ் சுவரே ஆயிரம் டிகிரி பக்கம் போகும். எல்.இ.டி.க்குச் சூடே எமன். முப்பது வாட்டை ஒன்பது சதுர மில்லிமீட்டரில் கொட்டுகிறோம், அதில் பெரும்பங்கு வெப்பம். செம்புப் பலகையில் ஏற்றி, ஹீட் பைப் வைத்த கம்ப்யூட்டர் ஹீட்சிங்கில் இறுக்கியிருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் திருச்சி நாற்பதைத் தொடும்போது ஏழு ஆம்பியருக்கு மேல் தள்ளுவதில்லை.

முடிவு: சுவரில் ஒரு மீட்டர் அகலப் படத்துக்குச் சராசரி 150 லக்ஸ். பரப்பு 0.75 சதுர மீட்டர், ஆக 112 லூமென். பழைய 2000 எங்கே, இது எங்கே என்று தோன்றும். ஆனால் தியேட்டரில் வெள்ளைத்திரைக்கு வகுத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. 150 லக்ஸ் நல்ல வெள்ளைச் சுவரில் பட்டால் கிட்டத்தட்ட அதுவே. கதவைச் சாத்தி ராத்திரியில் பார்த்தால் தியேட்டர். பகலில் ஒன்றுமில்லை. சிவப்பு கொஞ்சம் சோகை, வெள்ளை எல்.இ.டி.யின் குணம் அது. பாதரச விளக்கிலும் சிவப்பு சோகைதான் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒரு மீட்டர் அகலம் என்பது என்ன? 43 அங்குல டிவியின் அகலம் 95 செ.மீ. அதுவும் இதைப்போல ஐந்து மடங்கு பிரகாசத்தில், பட்டப்பகலில். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது படத்தின் அகலத்தால் மட்டுமில்லை, தூரத்தாலும்தான். எட்டடியிலிருந்து ஐந்தடிப் படம் பார்ப்பதும், ஐந்தடியிலிருந்து மூன்றடிப் படம் பார்ப்பதும் விழித்திரைக்கு ஒன்றே. "டிவிக்குக் கிட்ட உக்காந்தா கண்ணு கெட்டுடும்" என்று எங்களை அதட்டி வளர்த்த மனுஷர், நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்ள அவருக்கு யோசனை வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதுதான் கொடுமை. கண் டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகக் கிட்ட உட்காரலாம் என்றார்.

டிவி வாங்கிவிட்டோம். எல்.இ.டி. வேலைக்கு ஆன செலவைப்போல ஆறேழு மடங்கு. மேட்ச் எல்லாம் இப்போது அதில்தான், மூன்றடி தூரத்தில் நாற்காலி.

புரொஜெக்டர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஓடுகிறது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தால் எதிரே இருக்கும் சுவருக்குப் படத்தைச் சாய்த்து விழவைக்க டிவியால் முடியாதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹீட்சிங்கில் அடைகிற ஒட்டடையை பிரஷ்ஷால் தட்ட வேண்டியிருக்கிறது. மற்றபடி தொந்தரவில்லை.

அந்த 100 வாட் பட்டையைத் தூக்கிப் போடவில்லை. கொல்லையில் கிணற்றடிக்கு மேல் கட்டியிருக்கிறேன். தென்னைமரம் வரை வெளிச்சம். போன வாரம் அப்பா துணி உலர்த்தும் கொடிக்கம்பியைத் தானே கண்டுபிடித்துத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இதை ஏன்டா மொதல்ல அந்தப் பொட்டிக்குள்ள அடைச்சே?" என்று கேட்டார். பரவளவு பற்றி அவருக்கும் ஒரு தடவை விளக்கிச் சொன்னேன். சொர்க்கவாசல் வருகிற இடத்தில் தூங்கிவிட்டார்.